அலுமாரிக்குள் எட்டு மாத மருந்து

தைப்பொங்கலுக்கு முந்திய வாரம். வீடு துப்புரவாக்க வெளிக்கிட்டு அம்மாவின் அலுமாரியின் அடித்தட்டை ஒதுக்கினேன். சேலைகளுக்குக் கீழே ஒரு நீல பிஸ்கற் டின் இருந்தது. தையல் சாமானாக்கும் என்று தூக்கினேன். திறந்தால் உள்ளே முழுக்க மருந்து. எல்லாம் உடைக்காத பெட்டிகள். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மட்டும் எட்டு. ஒரு பெட்டியில் 28 குளிசை, ஒரு நாளைக்கு ஒன்று. 'தண்ணிக் குளிசை' என்று வீட்டில் சொல்லும் ஃபுரோசமைட் ஆறு. கொலஸ்ட்ரோலுக்கு இரவில் போடும் அட்டோர்வஸ்டட்டின் ஐந்து. பரசிற்றமோலை நான் எண்ணவேயில்லை.

ஒவ்வொரு பெட்டியிலும் பாமசிக்காரர் ஒட்டிய வெள்ளைத் துண்டில் அம்மாவின் பெயரும் திகதியும் இருந்தன. அந்தத் திகதிகளைப் பார்த்துக்கொண்டு போகும்போதுதான் நெஞ்சு அடைத்தது. அத்தனையும் நான் சொல்லி எடுப்பித்தவை. லண்டன் ஹரோ-ஒன்-த-ஹில்லில் காலை ரயில் ஏறி, வெம்ப்லி பார்க் வருவதற்குள் தொலைபேசியில் என்.எச்.எஸ் என்னும் தேசிய சுகாதார சேவையின் செயலியைத் திறந்து, அம்மாவின் பெயருக்குக் கீழே இருந்த ஏழு மருந்துகளுக்கும் வரிசையாகச் சரிக்குறி போட்டு அனுப்பிவிடுவேன். இரண்டு நிமிட வேலை. மாதம் தவறியதில்லை. அம்மாவுக்கு மருந்து ஒரு நாள்கூட முடிந்துபோக விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லியும் திரிந்திருக்கிறேன்.

அந்த ஏழு சரிக்குறிகளும் என்ன செய்திருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இங்கிலாந்தில் வயதான தாய் தகப்பனை வைத்திருக்கும் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் இன்று இதே ரயிலில் இதே சரிக்குறியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மருந்துத் துண்டு போகும் வழி

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். பிரித்தானியாவில் குடும்ப வைத்தியர் இருக்கும் இடத்துக்கு 'சேர்ஜரி' என்று பெயர். அங்கே யாரும் கத்தி வைப்பதில்லை. ஆனால் புதிதாக வந்த எங்கள் முதியவர்களிடம் "நாளைக்குச் சேர்ஜரிக்குப் போகவேணும்" என்றால் முகம் வெளிறிப்போகும். அந்தச் சேர்ஜரியில் இருக்கும் குடும்ப வைத்தியரான ஜி.பி.தான் எல்லாவற்றுக்கும் வாசல். நீரிழிவு, பிறஷர், தைரோயிட், ஆஸ்த்மா போன்று நெடுநாள் மருந்து வேண்டிய நோயென்றால், அந்த மருந்தை அவர் 'ரிப்பீட்' பட்டியலில் போட்டுவிடுவார். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் வைத்தியரைப் பார்க்கத் தேவையில்லை. முடியப்போகும்போது கேட்டால் போதும்.

கேட்கும் முறை முன்பு தாளில் இருந்தது. மருந்து எழுதும் பச்சைத் தாளின் வலப்பக்கத்தில் பட்டியல் அச்சாகி வரும். வேண்டியதற்கு நேரே குறி போட்டுச் சேர்ஜரி வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். பெட்டி இன்றும் பல இடங்களில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு முதல் என்.எச்.எஸ் செயலி வந்துவிட்டதால் பெரும்பாலானவர்கள் தொலைபேசியிலேயே கேட்கிறோம். அழைத்துச் சொல்லலாமா என்றால், பல சேர்ஜரிகள் மறுத்துவிடுகின்றன. மருந்தின் பெயர் காதில் பிழையாக விழுந்தால் உயிருக்கு ஆபத்து என்பது அவர்கள் சொல்லும் காரணம், நியாயமான காரணம்.

நாங்கள் அனுப்பியதும் என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. முதலில் சேர்ஜரி அலுவலகத்தில் ஒருவர் பார்க்கிறார்: நாளுக்கு முந்திக் கேட்டிருக்கிறார்களா, மறுபார்வைத் திகதி தாண்டிவிட்டதா, இரத்தப் பரிசோதனை பாக்கியா? பிறகு அது வைத்தியரின் அல்லது மருந்து எழுதும் உரிமை பெற்ற மருந்தாளரின் கணினிக்குப் போகிறது. அவர் மின்கையெழுத்துப் போட்டால்தான் நாங்கள் பெயர் கொடுத்து வைத்திருக்கும் பாமசிக்கு அது இறங்கும். கையெழுத்து இல்லாமல் ஒரு குளிசையும் வெளியே வராது. 'ரிப்பீட்' என்ற சொல் எங்களை ஏமாற்றிவிடுகிறது. தானாகச் சுற்றும் சில்லுப் போலத் தோன்றுகிறது. உண்மையில் ஒவ்வொரு முறையும் அது புதிதாக எழுதப்படும் துண்டு. ஒவ்வொரு முறையும் ஒருவர் தன் பொறுப்பில் கையெழுத்து வைக்கிறார்.

அவர் எதைப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறார்? கணினியில் உள்ள பதிவைப் பார்த்து. அந்தப் பதிவில் அம்மாவைப் பற்றி என்ன இருந்தது? மாதம் தவறாமல் மருந்து எடுக்கிறார் என்று இருந்தது. அதை எழுதியது நான்.

"உன்னட்ட எப்பிடிச் சொல்லுறது?"

டின்னைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் வைத்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, இதென்ன?"

"அது கிடக்கட்டும் பிள்ளை. பிறகு தேவைப்படும்."

"ஏன் போடேல்லை?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பிறஷர்க் குளிசை போட்டால் கால் வீங்குகிறது, சப்பாத்துக்குள் கால் போகுதில்லை. தண்ணிக் குளிசை போட்டால் அடிக்கடி போகவேணும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் என்ன செய்வது? இரவுக் குளிசை போட்டால் கெண்டைக்கால் இழுத்து நித்திரை வராது. மெட்ஃபோர்மின் வயிற்றைக் குழப்புகிறது, அதனால் இரண்டுக்கு ஒன்றாக்கியாயிற்று.

ஒரு வைத்திய மாணவனிடம் இந்த நான்கையும் கொடுத்தால் நான்குக்கும் காரணம் சொல்லுவான். அம்லோடிபினுக்குக் கணுக்கால் வீங்குவது மிகவும் தெரிந்த பக்கவிளைவு. மெட்ஃபோர்மின் வயிற்றோட்டம் தரும். மெல்லக் கரையும் வகைக்கு மாற்றினால் பலருக்குச் சரியாகும். ஸ்டட்டின் வகை மருந்துகள் சிலருக்குத் தசை நோவைத் தருவதுண்டு. அம்மா கற்பனை எதுவும் சொல்லவில்லை. தன் உடம்பைச் சரியாகக் கவனித்து, சரியான முடிச்சைப் போட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் டின்னுக்குள் வைத்திருந்தார்.

"ஏன் டொக்டரிட்டச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு வந்த பதிலை நான் மறக்கப்போவதில்லை.

"நீயெல்லோ பக்கத்தில இருந்து கதைக்கிறனி. அவர் உன்னைப் பாத்துத்தான் கேக்கிறார். மூத்திரக் கதையை உன்னட்ட எப்பிடிச் சொல்லுறது?"

முன்பொருமுறை அதே ஜி.பி.யின் அறையில் நடந்தது நினைவுக்கு வந்தது. பிறஷர் உயர்ந்திருந்தது. "மருந்தை ஒழுங்காக எடுக்கிறாவா?" என்று வைத்தியர் கேட்டார். அம்மாவிடம் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஓம்" என்று நான்தான் சொன்னேன். அவர் கணினியைப் பார்த்தார். மாதாமாதம் மருந்து போயிருக்கிறது. மருந்து போதவில்லை என்று அவர் எண்ணியதில் என்ன பிழை? அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார். போட்டுப் பார்த்த நாட்களில் கால் இன்னும் வீங்கியது. வீக்கத்துக்குத் தண்ணிக் குளிசை வந்தது. தண்ணிக் குளிசையால் வெள்ளிக்கிழமைக் கோயில் கெட்டது. ஒரு குளிசை தந்த தொல்லைக்கு இன்னொரு குளிசை, அதன் தொல்லைக்கு வேறொன்று. முதியோர் மருத்துவம் படித்தவர்கள் நன்றாக அறிந்த சங்கிலி இது. எங்கள் வீட்டில் அதன் கண்ணிகளை இணைத்தது என் சரிக்குறி.

நான் செய்த அடுத்த பிழை

அன்றைக்கே கடைக்குப் போய், கிழமைக்கு ஏழு அறை, நாளுக்கு நாலு நேரம் என்று பிரித்த மருந்துப் பெட்டி ஒன்று வாங்கினேன். பட்டியலில் இருந்த ஏழு மருந்தையும் எழுதியபடியே அளந்து நிரப்பினேன். காலையும் இரவும் முன்னால் நின்று போடவைத்தேன். அம்மா மறுக்கவில்லை. பிள்ளை கோபமாக இருக்கிறாள் என்று பேசாமல் விழுங்கினார்.

நாலாம் நாள் காலை குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஓர் இளம் வைத்தியர் படுக்கவைத்து ஒரு முறையும், எழுந்து நிற்கவைத்து ஒரு முறையும் பிறஷர் பார்த்தார். எழுந்து நிற்கும்போது சட்டென்று கீழே போனது. "அண்மையில் புதிதாக ஏதாவது மருந்து தொடங்கினீர்களா?" என்றார். புதிதாக எதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். தாளில் இரண்டு வருடமாக இருந்த மருந்து அம்மாவின் உடம்புக்கு நாலு நாள் மருந்தாக இருந்தது. எடுக்காத மருந்தை எடுப்பதாக நினைத்துக் கூட்டிய அளவு, உண்மையாகவே எடுத்தபோது அவரைத் தள்ளி வீழ்த்தியது.

இதை வாசிக்கும் மகனோ மகளோ இன்றைக்கே அம்மாவின் அலுமாரியைத் திறந்து பார்க்கக்கூடும். பாருங்கள். ஆனால் கண்டதையெல்லாம் அன்றைக்கே போடவைக்காதீர்கள், அன்றைக்கே நிறுத்தியும் விடாதீர்கள். பிசோப்ரோலோல் போன்ற இதய மருந்துகள், ஸ்டீரொயிட், வலிப்பு மருந்து, மனச்சோர்வு மருந்து இவையெல்லாம் சட்டென்று நிறுத்தினால் ஆபத்தானவை. கண்டதைக் கண்டபடி கொண்டுபோய்ச் சேர்ஜரியில் சொல்லுவதுதான் முதல் வேலை.

ஒரு பையில் எல்லாம்

மணிக்கட்டில் கட்டோடு இருந்த அம்மாவைச் சேர்ஜரியின் மருந்தாளர் அழைத்தார். 2019 ஜூலையில் இங்கிலாந்தில் அயலிலுள்ள சேர்ஜரிகள் கூட்டாக இயங்கத் தொடங்கியபோது, அவற்றுக்குள் இப்படியான மருந்தாளர்களும் வந்தார்கள். இவர்கள் கடையில் நின்று மருந்து தருபவர்கள் அல்ல. நோயாளியோடு இருந்து மருந்துப் பட்டியலை ஒவ்வொரு வரியாக ஆராய்பவர்கள். அவர் சொன்னது ஒன்றுதான்: வீட்டில் உள்ள மருந்தெல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். ஆயுர்வேதம், கடையில் வாங்கியது, ஊரிலிருந்து வந்தது, எதையும் விடவேண்டாம்.

நான் ஒன்று கேட்டேன்: தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மகள் நான் இருக்கிறேன், ஆனால் நான் மொழிபெயர்க்க மாட்டேன். இலவசமாகவே ஏற்பாடு செய்தார்கள். இந்த உரிமை என்.எச்.எஸ்ஸில் இருக்கிறது, கேட்க வேண்டும், அவ்வளவுதான். தொலைபேசியின் மறுமுனையில் முகம் தெரியாத ஒரு பெண், மட்டக்களப்புப் பேச்சு. நான் வெளியே இருந்தேன். நாற்பது நிமிடம். உள்ளே அம்மாவின் சிரிப்புச் சத்தம் ஒருமுறை கேட்டது.

முடிவில் ஏழு நாலாயிற்று. அம்லோடிபின் திரும்பவும் 5 மில்லிகிராம். கால் வீக்கம் வற்றியதும் தண்ணிக் குளிசைக்கு வேலையில்லை. வயிற்றுக்கான ஓமெப்ரசோல் முழங்கால் நோவுக்கு முன்னொரு காலம் எடுத்த மருந்தின் துணைக்கு வந்தது. அந்த மருந்து நின்று மூன்று வருடமாகியும் ஓமெப்ரசோல் மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுக் கேட்டு எடுத்ததும் நான்தான். பரசிற்றமோல் தேவையானபோது வாங்கலாம் என்று பட்டியலிலிருந்து போனது. மெட்ஃபோர்மின் மெல்லக் கரையும் வகையானது. இரவுக் குளிசை இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு குறைந்த அளவில் தொடங்கியது. பிறஷருக்கான ராமிப்ரில் மட்டும் இருந்தபடியே இருக்கிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2021 செப்டெம்பரில் இங்கிலாந்தின் தலைமை மருந்தாளர் கீத் ரிட்ஜ் தலைமையில் அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, சேர்ஜரிகள் வழியாகப் போகும் மருந்துகளில் குறைந்தது 10 சதவீதம் தேவையற்றவை என்று சொன்னது. 15 சதவீதமான மக்கள் தினம் ஐந்து மருந்தோ அதற்கு மேலோ எடுக்கிறார்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது, ஐந்தில் ஒன்று மருந்தின் பாதிப்பினால் நேர்வது. ஆண்டுக்கு நூறு கோடிக்கு மேல் மருந்துகள் வழங்கப்படும் நாட்டில் இந்த 10 சதவீதம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் எனக்கு அந்தக் கோடிக் கணக்கைவிட மணிக்கட்டுக் கணக்குத்தான் பெரிது.

மாறான கதையும் உண்டு. கூடுதலாகக் கேட்பதே அபாய மணியாக இருக்கலாம். பிரித்தானியாவின் ஆஸ்த்மா மரணங்களைப் பற்றிய தேசிய ஆய்வு 2014இல் வந்தது. மூச்சுத் திணறினால் உடனே இழுக்கும் நீல இன்ஹேலரைப் பற்றி அது சொன்னதை வாசித்தால் வயிறு பதறும். இறந்த வேளையில் அந்த மருந்து எழுதப்பட்டிருந்தவர்களில் 39 சதவீதமானவர்கள், இறப்பதற்கு முந்திய ஒரு வருடத்துக்குள் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நீல இன்ஹேலர்களைப் பெற்றிருந்தார்கள். ரிப்பீட் பட்டியல் அதைப் பதிந்து வைத்திருந்தது. மாதாமாதம் ஒரு மனிதர் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார். கேட்ட மருந்தைக் கொடுத்தார்கள்.

மறுபார்வைத் திகதி வந்துவிட்டது, இரத்தம் எடுக்காமல் மருந்து தரமுடியாது என்று சேர்ஜரி சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும். "என்ன, குளிசைக்குப் பணயம் வைக்கினமோ?" என்று ஓர் அன்ரி என்னிடமே கேட்டிருக்கிறார். மெட்ஃபோர்மினும் ராமிப்ரிலும் எடுப்பவரின் சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று ஆண்டுக்கொருமுறையாவது தெரியாமல் எழுதும் வைத்தியர்தான் உண்மையில் அஞ்ச வேண்டியவர். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கிழமைக்கு ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மருந்து அது; தினமும் எடுத்து உயிர் போனவர்கள் இருக்கிறார்கள்.

28இன் கணக்கு

பெரும்பாலான சேர்ஜரிகள் 28 நாளுக்கு அல்லது 56 நாளுக்கு மருந்து தருகின்றன. 28 நாளென்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு முறையல்ல, பதின்மூன்று முறை. மாதத் திகதியை நம்பி இருப்பவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். அதோடு ஒரு மருந்து 28 குளிசையாகவும் இன்னொன்று 30 ஆகவும் வந்தால், கொஞ்ச நாளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கிழமையில் முடியும். எல்லாம் ஒரே நாளில் முடியும்படி ஒருமுறை அளவைச் சரிக்கட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம்; செய்து தருவார்கள்.

கேட்டதிலிருந்து கைக்கு வர இரண்டு முதல் ஐந்து வேலைநாள் ஆகும். ஏழு நாளுக்கான மருந்து கையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பது என் கணக்கு. ஈஸ்டர், நத்தார் வந்தால் அதற்கும் முன்னால். பெரிய வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் சேர்ந்தால் நாலு நாள் கதவு பூட்டு.

அப்படியும் முடிந்துபோனால் பயப்படத் தேவையில்லை. 111 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். அவர்கள் ஒரு பாமசிக்கு அனுப்புவார்கள், அங்கே சில நாளுக்கான மருந்து கிடைக்கும். வெறும் பெட்டியைக் கொண்டுபோனால் வேலை சுலபம். ஆனால் நரம்பு நோவுக்கான பிரிகபலின், கபபென்ரின் இப்படிக் கிடைக்காது. 2019 ஏப்ரல் 1 முதல் அவை கட்டுப்படுத்திய மருந்துகள். நீரிழிவினால் கால் எரிவுக்கு இவற்றை எடுக்கும் எங்கள் முதியவர்கள் நிறையப் பேர். அவர்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை காத்திருக்கவே கூடாது.

நிலைமை சீராக இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு வருடம் வரைக்குமான துண்டுகளை வைத்தியர் ஒரே தடவையில் கையெழுத்திட்டு விடுவார்; பாமசி தவணைக்குத் தவணை ஒன்றாக இறக்கித் தரும். நல்ல ஏற்பாடு. என் அம்மாவுக்கு வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். யாரும் கேட்காமலே மருந்து வருவதில் எனக்கு இனி நம்பிக்கையில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், தெரியாமல் கட்டுபவர்கள் நிறைய. 1948 ஜூலை 5இல் என்.எச்.எஸ் தொடங்கியபோது மருந்து எல்லோருக்கும் இலவசம். 1952இல் ஒரு சிலிங் கட்டணம் வந்தது. வேல்ஸ் 2007இலும், வட அயர்லாந்து 2010இலும், ஸ்கொட்லாந்து 2011இலும் கட்டணத்தை முற்றாக நீக்கிவிட்டன. இங்கிலாந்து மட்டும் நீக்கவில்லை. 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9 பவுண்ட் 90 பென்ஸ். 60 வயதானால் இலவசம். நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர், தைரோயிட் குறைவுக்கு மருந்து எடுப்பவர், வலிப்பு நோயாளர், புற்றுநோயாளர் இவர்களுக்கு எந்த வயதிலும் எல்லா மருந்தும் இலவசம். ஆனால் சேர்ஜரியில் படிவம் நிரப்பி விலக்குச் சான்றிதழ் எடுக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் இலவசம் என்று கையெழுத்துப் போட்டால் 100 பவுண்ட் வரை தண்டம் வரும். விலக்கு எதுவும் இல்லாதவர் வருடத்துக்குப் பன்னிரண்டு மருந்தோ மேலோ வாங்குவாரானால் 114 பவுண்ட் 50 பென்ஸ் கட்டி வருடம் முழுதுக்குமான சான்றிதழ் எடுப்பது இலாபம். மாதத் தவணையாகவும் கட்டலாம்.

சாவகச்சேரிக்குப் போகவிருந்த பெட்டிகள்

டின்னைப் பற்றி அம்மா கடைசியாகச் சொன்ன ஒன்றை இதுவரை எழுதவில்லை. எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

அதில் பாதி சித்திக்காம். சாவகச்சேரியில் இருக்கும் அம்மாவின் தங்கை. 2022இல் இலங்கையில் டொலர் இல்லாமல் மருந்து இறக்குமதி தடைப்பட்டதே, தன் தேவையில் 80 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு அது, அந்த மாதங்களில் சித்தி தொலைபேசியில் அழுதாராம். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு விடியப்புறம் போய் வரிசையில் நின்று, கொப்பியைக் கொடுத்தால், மருந்து இல்லை, வெளியே வாங்குங்கள் என்று எழுதித் தருகிறார்கள். வெளியே விலை கேட்டால் தலை சுற்றுகிறது. "நான் போடாமல் விட்டாலும் அவளுக்கு உதவுமே" என்று அம்மா எண்ணியிருக்கிறார். ஊருக்குப் போகும் யாரிடமாவது கொடுத்துவிட வைத்திருந்த பெட்டிகள் அவை.

இதற்கு என்ன பதில் சொல்வது? சித்தியின் சிறுநீரகம் எப்படியென்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கு என்ன அளவு என்று தெரியாது. ஒருவரின் பெயருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம் மட்டுமல்ல, அம்மாவின் மணிக்கட்டே அதற்குச் சாட்சி. இதையெல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "உனக்கு இங்க எல்லாம் வீட்டு வாசலுக்கு வருது பிள்ளை" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. இப்போது சித்திக்கு அவருடைய கிளினிக் வைத்தியர் எழுதும் மருந்தையே அங்கே வாங்க மாதம் பணம் அனுப்புகிறோம். டின்னில் இருந்ததைப் பாமசியில் திருப்பிக் கொடுத்தோம். உடைக்காத பெட்டியானாலும் ஒருமுறை வெளியே போன மருந்தை அவர்கள் வேறொருவருக்குக் கொடுப்பதில்லை, எரித்துவிடுவார்கள். அம்மா அந்தப் பையைக் கையளித்துவிட்டுக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். நல்லூர்த் திருவிழாவுக்குப் போக இருந்தால் பயணத் திகதியைச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மருந்தைப் பொதுவாகத் தரமாட்டார்கள். மருந்தைப் பாமசிப் பெட்டியோடு, ரிப்பீட் பட்டியலின் பிரதியோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் விமானத்தின் அடியில் உறைந்து கெட்டுப்போகலாம்.

யார் கேட்பது?

தெற்காசிய வழிவந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இந்நாட்டின் வெள்ளையர்களைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம். ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹரோவிலும் எங்கள் வீடுகளில் மருந்தில்லாத வீடு இல்லை. அந்த வீடுகளில் மருந்தைக் கேட்பவர் ஒருவர், எடுப்பவர் இன்னொருவர். செயலி ஆங்கிலம். சேர்ஜரியின் பதிவுக்குரல் ஆங்கிலம். பிள்ளைகளுக்கு நேரமில்லை, பெற்றோருக்குப் பாஷை இல்லை. அம்மாவுக்குப் பதிலாக நான் கேட்கலாம் என்று சேர்ஜரியில் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த படிவம் சட்டப்படி சரியானது. பெற்றோரின் கடவுச்சொல்லை வாங்கி நுழைவதைவிட அதுவே நேர்மையான வழி. ஆனால் அந்தப் படிவம் எனக்குக் கொடுத்தது கேட்கும் உரிமையை. அம்மாவிடம் கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை.

கேட்பதற்கு ஆள் வீட்டுக்கே வரும் முறையும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ஊரிலேயே உள்ள ஒரு பெண் வீட்டுக்கு வந்து, திண்ணையில் இருந்து, பிறஷரும் சர்க்கரையும் பார்த்து, மருந்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அங்கே குறைகள் இருக்கலாம். ஆனால் அலுமாரி இருக்கும் வீட்டுக்குள் ஒருவர் வருகிறார். வீங்கிய காலை அவர் பார்க்காமல் போக முடியாது. எங்கள் முறையில் எல்லாம் விரைவு. துண்டு மின்னலாய்ப் பறக்கிறது. காலைப் பார்ப்பவர்தான் இல்லை. அந்த ஆள் வீட்டுக்குள்ளேயேதான் இருக்க வேண்டும்.

இப்போது ரயிலில் மருந்து கேட்பதில்லை. நாலு கிழமைக்கொருமுறை ஞாயிறு காலை, தேத்தண்ணி ஊற்றிவிட்டு, நாலு பெட்டியையும் மேசையில் கொட்டி இருவரும் எண்ணுகிறோம். எத்தனை மீதி இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது? கூட இருந்தால் ஏன் என்று கேட்கிறேன். குரலை உயர்த்துவதில்லை.

போன ஞாயிறு ராமிப்ரில் கணக்கு உதைத்தது. இருக்க வேண்டியது ஏழு. பதினாறு இருந்தது.

"ஒன்பது கூடக் கிடக்கு அம்மா."

அம்மா பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "இது எப்பவும் வாற பெட்டியில்லைப் பிள்ளை. அது சிவப்பும் வெள்ளையும். இது மஞ்சளாக் கிடக்கு. மாறி வந்திட்டுதோ எண்டு பயத்தில விட்டிட்டன். உன்னட்டக் கேப்பம் எண்டிருந்தனான், நீ நேரத்துக்குப் போயிட்டாய்."

பெயரை எழுத்தெழுத்தாய்க் காட்டினேன். அதே மருந்து, வேறு கம்பனி. பாமசிக்கு எந்தக் கம்பனியின் சரக்கு மலிவாகக் கிடைக்கிறதோ அதுதான் வரும், நிறம் மாறும் என்று சொன்னேன். ஒன்பது நாள் விட்டுப்போனதை நாளைக்குச் சேர்ஜரிக்குச் சொல்லி, எப்படித் தொடங்குவதென்று கேட்போம் என்றேன்.

"அப்ப அடுத்தமுறை நிறம் மாறினால் உடன சொல்லட்டோ? வேலையில நிக்கேக்க?"

"உடன சொல்லுங்கோ."

அம்மா தலையாட்டிவிட்டு, மஞ்சள் பெட்டியின் மூலையில் பேனையால் தமிழில் 'பிறஷர்' என்று எழுதினார்.